எங்கம்மா ஓட்டிய ரயில்

பெருமை பேசினேனா என்று கேட்டால், ஆமாம், பேசினேன். உங்கள் அம்மா ரயில் ஓட்டினால் நீங்கள் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருப்பீர்களாக்கும்.

அதுவும் அது சாதாரண நாள் இல்லை. அம்மா அதுவரை சரக்கு ரயில்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். நிலக்கரியும் சிமெண்டும் "எங்களை யார் ஓட்டிக்கொண்டு வந்தது?" என்று கேட்கப்போவதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, ஆட்கள் போகிற ரயிலை அம்மாவிடம் கொடுத்திருந்தார்கள். மலைப் பாதையில் போகிற பாசஞ்சர் ரயில்.

அந்த ரயிலில் நானும் அப்பாவும் டிக்கெட் வாங்கி ஏறினோம். அது போகிற ஊரில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. அம்மா ஓட்டுகிற ரயிலில் போவதுதான் வேலை.

அப்பா தையல்காரர். அம்மா அன்று போட்டிருந்த யூனிஃபார்ம் சட்டையைத் தைத்தது அவர்தான். காலரை மட்டும் பிரித்துப் பிரித்துத் தைத்தார். "நாள் பூரா உட்கார்ந்து ஓட்டுறவ. கழுத்துல குத்தக் கூடாதில்ல?" என்றார்.

பிளாட்பாரத்தில் நின்று இன்ஜினைப் பார்த்தோம். அம்மா ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தாள். கை அசைக்கவில்லை. வேலை நேரத்தில் அவள் அப்படித்தான், சிரிக்கக்கூட யோசிப்பாள். ஆனால் தலையை இம்மியளவு ஆட்டினாள். எனக்கு அது போதும்.

எங்கள் பெட்டியில் நல்ல கூட்டம். வெளியே மழை. எல்லோருடைய குடையிலிருந்தும் தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் ஈரம். என் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஓர் அக்கா உட்கார்ந்திருந்தாள். ரயில் கிளம்பி ஸ்டேஷனைத் தாண்டும் வரைக்கும்தான் என்னால் பொறுக்க முடிந்தது.

"அக்கா, இந்த ரயிலை யார் ஓட்டுறாங்க தெரியுமா?"

"தெரியாதே. யாரு?"

"எங்கம்மா."

அக்கா மூக்கின் மேல் விரலை வைத்தாள். "நிஜமாவா?"

"நிஜமாத்தான். அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க."

அப்பா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, என் காதருகே குனிந்தார். "கொஞ்சம் அடக்கி வாசிம்மா கண்ணு."

நான் அடக்கி வாசிக்கிற ஆள் இல்லை. முன்னால் இருந்தவர்களிடம் சொன்னேன். பின்னால் இருந்தவர்களிடம் சொன்னேன். பாத்ரூமுக்குப் போகிற வழியிலும் திரும்பி வருகிற வழியிலும் சொன்னேன். பெட்டி முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று.

எதிர் சீட்டில் ஒரு கடிகாரக்காரர் இருந்தார். கடிகாரம் பழுது பார்ப்பது அவர் தொழில். கையில் ஒரு கடிகாரம், சட்டைப் பையில் இன்னொரு கடிகாரம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரிடம் ஒரு பெரிய துணிப் பையும் இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரமாம். பழுது பார்த்துத் திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோகிறாராம். மேலே சாமான் வைக்கிற பலகையில் இடமில்லை. கீழே வைத்தால் நனைந்துவிடும். மடியில் வைத்துப் பார்த்தார், முட்டி வலிக்கிறது என்றார். கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்து, அப்பாடா என்று உட்கார்ந்தார்.

"உங்கம்மா நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துடுவாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"நேரத்துக்கு முன்னாடியே சேர்த்துடுவாங்க மாமா."

"முன்னாடி போனாலும் தப்புதான். நேரத்துக்குப் போகணும்" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. ஆனாலும் பெரியவர்களிடம் சண்டை போடக் கூடாதே என்று விட்டுவிட்டேன்.

ரயில் மலையில் ஏற ஆரம்பித்தது. ஒரு பக்கம் ஜன்னலை மறைத்துக்கொண்டு மலை. இன்னொரு பக்கம் கீழே மரங்கள். மழை வலுத்துக்கொண்டே போனது. அம்மா மெதுவாகத்தான் ஓட்டினாள்.

ஒரு வளைவில் திரும்பினோமோ இல்லையோ, கிறீச்சென்று பிரேக் பிடித்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எதிரே இருந்தவர் மடியில் போய் விழாத குறைதான். ரயில் நின்றுவிட்டது. குழந்தை அழுதது.

கொஞ்ச நேரத்தில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு கார்டு வந்தார். ரயிலின் கடைசியில் இருந்துகொண்டு கொடி காட்டுவாரே, அவர்.

"யாரும் பயப்படாதீங்க. முன்னாடி மலையிலேருந்து மண் சரிஞ்சு தண்டவாளத்து மேல குவிஞ்சு கிடக்கு. டிரைவர் அம்மா தூரத்துலேயே பார்த்து நிறுத்திட்டாங்க. அவங்க மட்டும் கொஞ்சம் அசந்திருந்தா, மண்ணுக்குள்ள போய் முட்டியிருப்போம். இப்போ அப்படியே மெதுவா பின்னாடி போய், கடைசியா தாண்டி வந்த ஸ்டேஷன்ல நிக்கப்போறோம்."

பெட்டி மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அக்கா என் முதுகில் தட்டிக் கொடுத்தாள். யாரோ ஒருவர் எனக்கு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். அந்த நிமிஷம் நான் எவ்வளவு உயரம் என்று அளந்திருந்தால், கூரையில் இடித்திருப்பேன்.

அப்புறம்தான் வந்தது வினை.

ரயில் நகரவே இல்லை. இன்ஜின் உறுமுகிற சத்தம் கேட்டது, அடங்கியது. மறுபடி உறுமியது, அடங்கியது. மறுபடியும் கார்டு வந்தார். இந்தத் தடவை அவர் முகம் சரியில்லை.

"பிரேக் விட மாட்டேங்குது" என்றார். "இந்த ரயில்ல பிரேக் காத்துலதான் வேலை செய்யும். எல்லாப் பெட்டிக்கும் அடியில ஒரே குழாய் ஓடுது. அதுல காத்து நிரம்பினாத்தான் சக்கரத்தை விடும். இப்போ எவ்வளவு ஏத்தினாலும் காத்து நிக்கலை."

"ஏன் நிக்கலை?" என்று அப்பா கேட்டார்.

"எங்கயாவது ஒழுகலாம். இல்லேன்னா இன்ஜின்லயே கோளாறு இருக்கலாம். தேடிப் பார்க்கிறோம். கிடைக்கலேன்னா 'இன்ஜின் ஃபெயில்'னு மேலிடத்துக்குச் சொல்லிட்டு, வேற இன்ஜினை வரவழைக்கணும். அது வந்து இழுத்துட்டுப் போக சாயங்காலம் ஆயிடும்."

அவர் போனதும் பெட்டியில் சலசலப்பு. மலையிலிருந்து சின்னச் சின்னக் கற்கள் உருண்டு வந்து தகரத்தில் பட்டுக் கடகடவென்றன. எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

கடிகாரக்காரர் இரண்டு கடிகாரத்தையும் பார்த்தார். "புது ஆள் கையில வண்டியைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்" என்றார். "அவ்வளவு முரட்டுத்தனமா பிரேக் போட்டா எந்த மெஷின் தாங்கும்? கடிகாரத்தை அப்படித் திருகினா ஸ்பிரிங் போயிடும். வண்டியும் அதே மாதிரிதானே?"

மறுபடியும் பெட்டி மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. இந்தத் தடவை யாரும் பிஸ்கட் நீட்டவில்லை.

காது சுட்டது. யாரும் என்னைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

"அப்பா, இன்ஜின் ஃபெயில்னு சொன்னா என்ன ஆகும்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். "உங்கம்மாவை மறுபடியும் சரக்கு வண்டிக்கே அனுப்பிடுவாங்களோன்னு இருக்கு."

"இன்ஜின் கெட்டுப்போனா அம்மா என்ன பண்ணுவாங்க?"

"யார் மேல தப்புன்னு அப்புறம்தான் பார்ப்பாங்க. பேரு முதல்லயே கெட்டுடும். ஆம்பளைங்க எத்தனை பேர் இருக்க இவங்களுக்கு ஏன் கொடுத்தீங்கன்னு கேட்க ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க."

அப்போது ஜன்னலுக்கு வெளியே அம்மா வந்தாள்.

தொப்பலாக நனைந்திருந்தாள். ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து, அடியில் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். எங்கிருந்து காற்று ஒழுகுகிறது என்று தேடுகிறாள். ஆனால் எப்படிக் கேட்கும்? மழை கொட்டுகிறது, பக்கத்தில் ஓடை இரைகிறது. மலைப் பக்கமாகப் போய்ப் பார்க்கவும் வழியில்லை. அங்கே முழங்கால் அளவுக்குச் சேறு.

என் ஜன்னலைத் தாண்டும்போது அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "உள்ளேயே இரு" என்று மட்டும் சொன்னாள். அப்பா பிரித்துப் பிரித்துத் தைத்த காலரிலிருந்து தண்ணீர் ஒழுகியது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுது என்ன பயன்? அம்மா தேடுகிறாள், நான் உட்கார்ந்து அழுவதா?

வீட்டில் எனக்குப் பெயர் பாம்புக்காது. அடுத்த அறையில் பிஸ்கட் டப்பாவை யார் திறந்தாலும் எனக்குக் கேட்டுவிடும். சரி, அம்மா வெளியே கேட்கட்டும், நான் உள்ளே கேட்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மழை கேட்டது. ஓடை கேட்டது. குழந்தை சிணுங்குவது கேட்டது. கடிகாரக்காரர் அலுத்துக்கொள்வது நன்றாகவே கேட்டது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒதுக்கித் தள்ளினேன். அடியில் மெல்லிசாக இன்னொன்று இருந்தது. உஸ்ஸ்ஸ்.

"அப்பா, உஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்குதா?"

"மழைம்மா."

"மழை ஏறி இறங்கும்ப்பா. இது மூச்சு விடாம ஒரே மாதிரி வருது."

எழுந்து நடந்தேன். அப்பா பின்னாலேயே வந்தார். கதவுப் பக்கம் போகப் போகச் சத்தம் கூடியது. பாத்ரூமுக்குப் பக்கத்துச் சுவரில் காதை வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், பெட்டியின் வெளியே மலைப் பக்கத்தில், குக்கர் போல இரைந்தது.

தலையை நிமிர்த்திப் பார்த்தேன். சுவரில் சிவப்புக் கைப்பிடி. ஆபத்து என்றால் இழுத்து வண்டியை நிறுத்துவோமே, அந்த அபாயச் சங்கிலியின் கைப்பிடி. அது முழுக்கக் கீழே இறங்கியிருந்தது. அதில் ஒரு பெரிய துணிப் பை தொங்கியது. பைக்குள் டிக், டிக், டிக்.

எனக்குப் புரிந்துவிட்டது. பையை மாட்டியபோது கைப்பிடி அசைந்திருக்காது. அம்மா பிரேக் போட்டதும் பை ஒரு ஆட்டம் ஆடி, கைப்பிடியை இழுத்துவிட்டது. சங்கிலியை இழுத்தால் குழாயிலிருந்து காற்று வெளியே போகும், அதனால்தான் வண்டி நிற்கும் என்று அம்மா எப்போதோ சொல்லியிருக்கிறாள். அம்மா ஏற்றிய காற்றெல்லாம் இந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அப்பாவுக்கும் புரிந்துவிட்டது. "அடப்பாவி மனுஷா" என்று மூச்சை இழுத்தார். சத்தம் போடப் போகிறார் என்று தெரிந்து, எட்டி அவர் வாயைப் பொத்தினேன்.

"கத்தாதீங்கப்பா."

"ஏன்? உங்கம்மாவை என்ன பேச்சுப் பேசினாரு. இப்போ பெட்டி முழுக்கத் தெரியட்டும்."

எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. பெட்டி நடுவில் நின்று, "பாருங்க, பாருங்க, யார் பை பாருங்க" என்று கூவினால் எப்படி இருக்கும். நினைத்தாலே இனித்தது.

ஆனால் திரும்பிப் பார்த்தேன். கடிகாரக்காரர் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்து, கைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். பெட்டி மொத்தமும் ஒருவரைத் திரும்பிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் முன்னால்தானே தெரிந்துகொண்டேன்.

அதுவும் போக, கத்தினால் சண்டை வரும். சண்டை ஓயும் வரை அம்மா மழையில் நிற்க வேண்டும்.

நான் அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "மாமா, உங்க கடிகாரத்தைக் கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"ஏன், விழுந்துடுச்சா?" என்று பதறியடித்து எழுந்து வந்தார்.

கைப்பிடியைக் காட்டினேன். அதன் மேல் எழுதியிருந்ததைக் காட்டினேன். சுவரில் காதை வைக்கச் சொன்னேன். கடிகாரத்துக்குள் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. கேட்டதும் அவர் முகம் தொங்கிப்போனது.

"நானா?" என்றார். "கொக்கின்னுல்ல நினைச்சேன். கைக்கு எட்டுச்சு, மாட்டிட்டேன். மேல எழுதியிருந்ததைப் பார்க்கலையேம்மா."

அவசரமாகப் பையை இறக்கினார். உஸ்ஸ் நிற்கவில்லை.

"கார்டு வந்துதான் சரி பண்ணணும் மாமா. நான் கூட்டிட்டு வர்றேன். காத்து இங்க போகுதுன்னு மட்டும் சொல்றேன். வேற எதுவும் சொல்ல மாட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். "உங்கம்மாவைப் பத்தி நான் பேசினதெல்லாம் உன் காதுல விழுந்துச்சா?"

"என் காதுல எல்லாம் விழும் மாமா."

ஓடினேன். கார்டு கடைசிப் பெட்டியில் வயர்லெஸ்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இன்ஜின் ஃபெயில்னு சொல்லிடலாமா?" என்று அதில் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் மழைக்கோட்டைப் பிடித்து இழுத்தேன். "சொல்லாதீங்க மாமா. காத்து போற இடம் தெரிஞ்சுபோச்சு."

வந்து பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். பெட்டிக்கு வெளியே கையை விட்டு, ஒரு சாவியைப் போட்டுத் திருகினார். உஸ்ஸ் சட்டென்று நின்றது. கார்டு வயர்லெஸ்ஸில், "இப்போ ஏத்திப் பாருங்க" என்றார்.

எல்லோரும் வயர்லெஸ்ஸையே பார்த்தார்கள். குழந்தைகூடச் சும்மா இருந்தது. அப்புறம் வயர்லெஸ்ஸில் அம்மாவின் குரல் கேட்டது.

"ஏறுது. நிக்குது. நல்லா நிக்குது."

அப்பா என் கையை நசுக்கிவிட்டார். சந்தோஷம் வந்தால் அவருக்குப் பிடி இறுகிவிடும்.

"சரி, யார் இதை இழுத்தது?" என்று கார்டு பெட்டியைப் பார்த்துக் கேட்டார்.

நான் என் செருப்பைப் பார்த்தேன். அப்பா கூரையைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப மோசமாக நடித்தோம் என்று நினைக்கிறேன்.

கடிகாரக்காரர் முன்னால் வந்தார். "நான்தான். தெரியாம பையை மாட்டிட்டேன். டிரைவர் அம்மா மேல ஒரு குத்தமும் இல்லை. என் மேலதான் தப்பு. நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். இந்தப் பொண்ணு நினைச்சிருந்தா எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கியிருக்கலாம். வாங்கலை."

பெட்டி முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார். அக்கா காலை நகர்த்திக்கொண்டு, "அண்ணே, பையை இப்படி என் டிரங்குப் பெட்டி மேல வைங்க. நனையாது" என்றாள்.

ரயில் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு, பின்னால் நகர்ந்தது. பெட்டியில் கைதட்டினார்கள். இந்தத் தடவை நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பின் சீட்டுக்காரர் பக்கத்துப் பெட்டிக்கே போய், "இந்த வண்டியை ஓட்டுறது யார் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கிருந்து எல்லோரையும் பஸ்ஸில் அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. அம்மா இன்ஜினிலிருந்து இறங்கி வந்தாள். கடிகாரக்காரர் நேரே அவளிடம் போய்க் கைகூப்பி, நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். என்னைப் பற்றியும் சொன்னார்.

"பரவாயில்லைங்க" என்றாள் அம்மா. "எல்லாரும் பத்திரமா வந்துட்டோம். கடிகாரம் ஓடுதா?"

"ஓடுதும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். ஈரக் கையை என் தலையில் வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் போனாள். வேலை இன்னும் முடியவில்லையே. மேலிடத்துக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொல்ல வேண்டும். நானும் அப்பாவும் வாசலில் நின்றோம். ஃபோனில் அந்தப் பக்கம் பேசுவது அப்பாவுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

"இன்ஜின்ல கோளாறு எதுவும் இல்லைங்க சார்" என்றாள் அம்மா. "ஒரு பெட்டியில சங்கிலி இழுபட்டிருந்துச்சு. உள்ளே இருந்த எம் பொண்ணுதான் சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிச்சா."

"நீங்க மண் சரிவைப் பார்த்து நிறுத்தினது பெரிய விஷயம்மா" என்றது அந்தக் குரல். "பாதை சரியானதும் இதே வண்டியை நீங்களே எடுங்க. இனிமே அது உங்க வண்டி."

நான் அப்பாவிடம் அதை அப்படியே சொன்னேன். அப்பா இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டு, மழைச் சாரல் என்றார்.

"சரிங்க சார். ரொம்ப நன்றி சார்" என்றாள் அம்மா. ஆனால் ஃபோனை வைக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"சார், ஒரு நிமிஷம். கண்டுபிடிச்சது எம் பொண்ணுன்னு சொன்னேனே, அதை எழுதிக்கிட்டீங்களா?"